கோப்புறையில் இல்லாத கடிதங்கள்

பாளையங்கோட்டையில், கீழே மோட்டார் சைக்கிள் கடையும் மேலே மென்பொருள் கம்பெனியுமாக நின்ற ஒரு இரண்டு மாடிக் கட்டடத்தில், இறந்துபோனவர்கள் சாயங்காலம் நாலு மணி வாக்கில் கடிதம் போடத் தொடங்கினார்கள். அது ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை, அன்றைக்கு மழையில்லை, இடியில்லை, கரண்டுகூடப் போகவில்லை, பேச்சியம்மாள் வழக்கம்போல் டீத் தூக்கோடு படியேறி வந்து, வழக்கம்போல் சர்க்கரை குறைச்சல் என்று பேச்சு வாங்கிக்கொண்டிருந்தாள், அந்த நேரத்தில்தான் முதல் கடிதம் வந்தது.

கம்பெனி செய்யது மீரானுடையது. மேலப்பாளையத்துக்காரர். பதினோரு பேரை வைத்துக்கொண்டு, விதைக் கிடங்குகளில் எந்த மூட்டை எந்த அடுக்கில் கிடக்கிறது, எது முளைக்கும், எது முளைக்காது என்று சொல்லும் மென்பொருள் ஒன்றை ஜாவா என்கிற கணினி மொழியில் எழுத வைத்திருந்தார். எழுதியதைச் சோதித்துப் பார்க்கிற வேலை சண்முகவடிவுக்கு. முப்பத்து நாலு வயது, அம்மாவோடு தனியாக இருப்பவள், ஏழு வருஷமாக அதே ஜன்னலோர நாற்காலி. மென்பொருள் எழுதுகிறவர்கள் எல்லாரும் தாங்கள் எழுதியது சரி என்றே நினைப்பார்கள். அப்படி இல்லை என்று தினமும் முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சம்பளம் வாங்கியவள் வடிவு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. சோதனைக்கு வேண்டிய மாதிரிக் கோப்புகளைப் போட்டு வைக்கத் தனியாக ஒரு கோப்புறை உண்டு. வாடிக்கையாளருக்குப் போகிற கோப்புறை வேறு. சோதனை ஓடும்போது மென்பொருள் ஒரு கோப்பைப் பெயர் சொல்லிக் கேட்டால், கிளாஸ்பாத் என்கிற வரிசையில் முதலில் நிற்கும் சோதனைக் கோப்புறையில் தேடும். அங்கே இல்லையென்றால் அடுத்ததில் தேடும். எங்கேயும் இல்லையென்றால் கையை விரித்துவிடும், சோதனை சிவப்பாகிவிடும். ஒரே பெயரில் இரண்டு இடத்தில் இருந்தால் முன்னால் இருப்பதுதான் கைக்கு வரும், பின்னால் இருப்பது இருந்தும் இல்லாத மாதிரிதான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்த வீட்டில், தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறவன்தானே எட்டிப் பார்ப்பான்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. வாடிக்கையாளர் பெயர் எதுவும் சோதனைக் கோப்புகளில் வரக் கூடாது என்று குழுத்தலைவர் காட்வின் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு ஆட்களின் பெயரைக் கோப்புகளுக்கு வைத்தார்கள். உயிரோடு இருப்பவர்கள் பெயரை வைத்ததில் சிக்கல் வந்தது. "உங்க மாமியார் இன்னைக்கும் ஃபெயில்" என்று யாராவது சத்தம் போட, அது எப்படியோ வீடு வரை போய்ச் சேர்ந்து, ஒரு குடும்பத்தில் தீபாவளிக்குப் பேச்சுவார்த்தையே இல்லாமல் போனது. அதற்குப் பிறகு இறந்தவர்கள் பெயரை மட்டும் வைப்பது என்று முடிவாயிற்று, அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் பாருங்கள். அப்படி அந்தச் சோதனைக் கோப்புறை முழுக்க மாமாக்களும் பெரியப்பாக்களும் அற்பாயுசில் போன சித்திகளும் வரிசையாகக் குடியேறி, நெல் மூட்டைக்கும் உளுந்து மூட்டைக்கும் தங்கள் பெயரைக் கொடுத்துக்கொண்டு சும்மா கிடந்தார்கள்.

ஆவணியில் வேலைக்குச் சேர்ந்த முப்பிடாதிக்கு இந்த வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். அவள் ஒரு சோதனை எழுதினாள், அதில் தன் அப்பா சுடலைமுத்துவின் பெயரில் ஒரு கோப்பைக் கேட்டாள், ஆனால் அந்தக் கோப்பைக் கோப்புறையில் போட மறந்துபோனாள். முதல் வாரத்தில் எல்லாரும் செய்கிற தவறுதான். சோதனை சிவப்பாக வந்திருக்க வேண்டும். பச்சையாக வந்தது.

தவறு செய்தும் பச்சை வந்தால் வடிவுக்குப் பிடிக்காது. என்ன கிடைத்தது என்று திரையில் காட்டச் சொல்லிப் பார்த்தாள். நெல் மூட்டைக் கணக்கு இல்லை, கடிதம். அன்புள்ள மகளுக்கு, நேரத்துக்குச் சாப்பிடு, வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, நீ வேலைக்குச் சேர்ந்த சேதி வந்தது, எனக்கு நெஞ்சு வலி இப்போது இல்லை என்று அழகான தமிழில், ஒரு பிழையில்லாமல், இருபத்தொரு வரி. சுடலைமுத்து இறந்து ஒன்பது வருஷம். முப்பிடாதி அதை மூன்று தடவை படித்துவிட்டு, தன் அப்பாவுக்குக் கைநாட்டுத்தான், எழுதத் தெரியாதே என்று மெதுவாகச் சொன்னாள். டீ ஊற்றிக்கொண்டிருந்த பேச்சியம்மாள், "அங்க போய்ப் படிச்சிருப்பாவ, நேரம் கிடக்குல்லா" என்றாள். அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது.

காட்வின் அன்று இரண்டு மணி நேரம் தேடினார். கோப்புறையைத் தேடினார், கம்ப்யூட்டர் முழுக்கத் தேடினார், மற்றவர்கள் எழுதி இவர்கள் வாங்கிச் சேர்த்திருந்த மென்பொருள் பொட்டலங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேடினார், எங்கேயும் சுடலைமுத்து இல்லை. ஆனால் சோதனையை ஓட்டிப் பெயர் சொல்லிக் கேட்டால் மட்டும் வந்தார். கடைசியில் காட்வின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "வருது. வரட்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் அவர் பேசியதெல்லாம் உளுந்து மூட்டை பற்றித்தான்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஒழுங்காக நடந்தது, ஒரு புதுக் குழாய் வந்தால் தெரு எப்படித் தனக்குள் முறை வைத்துக்கொள்ளுமோ அப்படி. தினமும் நாலு மணிக்கு, டீ முடிந்ததும், அன்றைய சோதனை ஓடும்போது இரண்டு பேர் கேட்கலாம். பெயரை வீட்டில் கூப்பிட்ட மாதிரிச் சொல்லக் கூடாது, ரேஷன் கார்டில் உள்ளபடி சொல்ல வேண்டும், ஒரு எழுத்துப் பிசகினாலும் கிடைக்காது. வந்த கடிதத்தை அச்சடித்துக்கொள்ளலாம், சத்தமாகப் படிக்கக் கூடாது, அழுகிறவர்கள் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். இதையெல்லாம் வெள்ளைப் பலகையில் எழுதி வைத்தார்கள். கடைசி விதி ஒன்று பெரிய எழுத்தில் இருந்தது: யாரும் கிளீன் கொடுக்கக் கூடாது. கிளீன் என்பது, முன்பு கட்டிச் சேர்த்து வைத்ததை எல்லாம் துடைத்துவிட்டு மென்பொருளை முதலிலிருந்து கட்டச் சொல்லும் கட்டளை. எந்தக் கம்பெனியிலும் தினம் நாலு தடவை கொடுப்பார்கள். கடிதங்கள் வரத் தொடங்கிய மூன்றாம் நாள் காட்வின் பழக்க தோஷத்தில் அதை அடிக்கப் போக, ஒன்பது பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். அதோடு விட்டார்.

கீழே மோட்டார் சைக்கிள் கடைக்காரர்கள் கையில் கிரீஸோடு மேலே வந்தார்கள். எதிர் மெடிக்கல் ஷாப்பிலிருந்து வந்தார்கள். கடைக்காரர் ஒருவர் தன்னிடம் பதினேழு வருஷம் உழைத்துச் செத்த காளைமாட்டின் பெயரைத் தயங்கித் தயங்கிக் கேட்க, அதுவும் கடிதம் போட்டது, நுகத்தடிப் புண் ஆறிவிட்டது என்று. பேச்சியம்மாள் தன் மகள் செல்லக்கனியைக் கேட்டாள். செல்லக்கனி தாய்க்குப் பிடிக்காத இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு போனவள். நிறைமாசமாக இருந்தபோது வரச் சொல்லி ஆள் அனுப்பினாள், பேச்சியம்மாள் போகவில்லை. பிரசவத்தில் பிள்ளை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை. மூன்று வருஷமாகப் பேச்சியம்மாள் சரியாகத் தூங்கவில்லை என்பது அந்தக் கட்டடத்துக்கே தெரியும். கடிதத்தில் செல்லக்கனி, எனக்கு உன்மேல் கோபம் இல்லை அம்மா, நீ வந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று எழுதியிருந்தாள். பேச்சியம்மாளுக்கு வடிவுதான் படித்துக் காட்டினாள். அன்றிலிருந்து அவள் தூங்கினாள், டீயில் சர்க்கரையும் சரியாக விழுந்தது.

வடிவு மட்டும் யாரையும் கேட்கவில்லை. அவளுக்கு ஒரு தம்பி இருந்தான், ஆறுமுகநயினார். இருபத்து நாலு வயதில் ஓசூரில் ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போனவன், மூன்றாவது வாரம் காய்ச்சலில் படுத்து, ஆம்புலன்ஸில் வீட்டுக்கு வந்தான். ஆறு வருஷம் ஆயிற்று. அம்மாவுக்குக் கால் வலி என்பதால் அவனைப் புது பஸ் ஸ்டாண்டில் ஏற்றி விட்டவள் வடிவுதான். பஸ் புறப்படும் முன் படியில் நின்றுகொண்டு அவன் ஒன்று சொன்னான், அதற்கு அவள் ஒன்று சொன்னாள். அந்தப் பேச்சை அவள் எந்த உயிரிடமும் சொன்னதில்லை. நல்ல பேச்சாக இருந்தால் சொல்லியிருப்பாள். ஆனால் தினமும் ஒரு தடவையாவது, பல் தேய்க்கும்போதோ சிக்னலில் நிற்கும்போதோ, அதைத் தனக்குள் எடுத்துக் கேட்டுக்கொள்வாள், ஏனென்றால் அவனுடைய குரல் அவளிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு இடத்தில் மட்டும்தான்.

விஷயம் அம்மா காதுக்குப் போனது, பேச்சியம்மாள் மூலமாகத்தான், வேறு யார். ஐப்பசியில் ஒரு நாள் அம்மா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டாள்.

"ஏளா, அவன் கடைசியா என்ன சொல்லிட்டுப் போனான்னு நீ இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட சொன்னதில்ல. நானும் கேக்கல. அந்தக் கடுதாசியிலயாவது வருதான்னு பாரேன்."

இதற்கு வடிவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. மறுநாள் நாலு மணிக்கு, வரிசையில் அவள் முறை வந்தபோது, தம்பியின் முழுப் பெயரைப் பிழையில்லாமல் தட்டினாள். சோதனை பச்சையானது. அக்கா, நீ என்னை அனுப்பி வைத்தது நல்லதாகப் போயிற்று, ஓசூர் குளிர்ச்சியான ஊர், கூட வேலை செய்தவர்கள் தங்கமானவர்கள், காய்ச்சலில் வலி தெரியவில்லை என்று இருபத்தொரு வரி. வடிவு மொட்டை மாடிக்குப் போய் அழுதாள். அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளை நல்லாத்தான் இருக்கான் என்று சொல்லிவிட்டு, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக டிவி போட்டுப் பார்த்தாள். வீட்டில் ஒரு பாரம் இறங்கியிருந்தது. இறங்கியது எது என்று வடிவுக்கு மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது தெரிந்தது.

பஸ் ஸ்டாண்ட் இருந்தது. பஸ் நின்றது. படியில் ஒருவன் நின்றான், வாயைத் திறந்தான், திறந்த வாயிலிருந்து, அக்கா, ஓசூர் குளிர்ச்சியான ஊர் என்று வந்தது. அவள் வாய் கொப்பளித்துவிட்டு மறுபடி பார்த்தாள். கூட வேலை செய்தவர்கள் தங்கமானவர்கள் என்றான். குரல் கூட அவனுடையது இல்லை, யாருடையதும் இல்லை, பஸ் வரும் நேரத்தை ஒலிபெருக்கியில் சொல்லும் குரல். அன்று முழுக்க அவள் அதையே தேடினாள். அவன் வேறு ஏதோ சொன்னான் என்பது தெரிந்தது, அது மனதை அறுக்கிற பேச்சு என்பதும் தெரிந்தது, ஆனால் என்ன பேச்சு என்று போய்த் தொட முடியவில்லை. எப்போது கூப்பிட்டாலும் கடிதம்தான் முன்னால் வந்து நின்றது.

அவள் பயந்துபோனாள். மற்றவர்களைக் கவனிக்கத் தொடங்கினாள். முப்பிடாதியைக் கேட்டாள், உங்க அப்பா எப்படிச் சிரிப்பார் என்று. முப்பிடாதி கொஞ்சம் யோசித்துவிட்டு, வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது என்றாள். சொல்லிவிட்டுத் தானே திகைத்துப்போய் வடிவைப் பார்த்தாள். காளைமாட்டுக்காரரிடம் மாடு என்ன நிறம் என்று கேட்டாள், அவர் புண் ஆறிவிட்டது என்றார். வடிவும் முப்பிடாதியுமாக உட்கார்ந்து, கிடைத்த கடிதங்களை எல்லாம் வாங்கி மேஜையில் பரப்பிப் பார்த்தார்கள். எல்லாம் இருபத்தொரு வரி. அத்தனை கடிதத்திலும் கடைசி வரி ஒன்றே: இங்கே இடம் வசதியாக இருக்கிறது, நீங்களும் நன்றாக இருக்கிறீர்கள். மனிதர்களும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள், மாடும் அப்படித்தான் எழுதியிருந்தது. முப்பிடாதி காகிதங்களைக் கவிழ்த்து வைத்தாள்.

எல்லாவற்றையும்விட மோசம் செய்யது மீரானுக்கு நடந்ததுதான். அவர் விதியை மீறி உயிரோடு இருக்கிற ஒருவரைக் கேட்டிருந்தார். அவருடைய அக்கா, அவர் லாத்தா என்று கூப்பிடுகிற செய்யதலி பாத்திமா, கடையநல்லூரில் இருக்கிறார். அந்த அம்மாள் தன் மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் போனில் அழைத்துவிட்டார் என்று நாலு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை. மீரான் யாரும் பார்க்காத நேரத்தில் அந்தப் பெயரைத் தட்ட, தம்பி, தப்பு என்மேல்தான் என்று கடிதம் வந்தது. மனிதர் ஒரு வாரம் மிதந்தார். கார்த்திகை பிறந்து இரண்டாம் நாள் அந்த அம்மாளே ஒரு பாத்திரத்தில் தேங்காய்ப்பாலில் அவித்த வட்டிலாப்பம் எடுத்துக்கொண்டு, மூட்டு வலியோடு படியேறி வந்து அவர் மேஜைக்கு முன்னால் நின்றார். மீரான் நிமிர்ந்து பார்த்து, உட்காருங்கம்மா, எந்த ஊர்லேர்ந்து வாறிய, என்ன வேணும் என்று மரியாதையாகக் கேட்டார். தம்பி விளையாடுகிறார் என்று நினைத்து அந்த அம்மாள் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்தினார். பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்தபடி இறங்கிப் போனார், மீரான் அதைத் திறந்து பார்த்து யாரோ மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று பேச்சியம்மாளிடம் கொடுத்தார்.

வடிவு அன்றைக்கே காட்வினிடம் போனாள். காட்வின் அதுவரை யாரையும் கேட்டதில்லை, கேட்க ஆள் இல்லை என்று சொல்லிவிடுவார், உண்மையில் அவருக்குப் பயம். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, மேஜையில் இரண்டு பேனாக்களை ஒன்றன் பின் ஒன்றாக வைத்தார்.

"அசல் எங்கயும் போகலம்மா. பின்னாடிதான் நிக்கி. முன்னாடி ஒண்ணு அதே பேர்ல நிக்கிறதால, கூப்பிட்டா அதுதான் வருது. நமக்குத் தெரிஞ்ச விஷயம்தான. மனுசனுக்கும் அப்படி ஆகும்னு யாரு கண்டா."

முன்னால் இருப்பதை எடுத்துவிட்டால் பின்னால் இருப்பது வருமா என்று கேட்டாள். வரணும் என்றார். தம்பியுடையதை மட்டும் எடுக்க முடியுமா என்று கேட்டாள். கோப்பே இல்லாதபோது எதை எடுப்பது, கிளீன் கொடுத்தால் ஒட்டுமொத்தமாகப் போகும், எல்லாருடையதும் போகும் என்றார். அப்புறம் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார்.

கட்டளையை அடிக்க நாலு நொடி போதும், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் கேட்காமல் செய்ய வடிவுக்குக் கை வரவில்லை. டீத் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கடிதம் போய்விடும், கடிதத்துக்குப் பின்னால் உள்ளது வந்துவிடும் என்று விளக்கிச் சொன்னாள். பேச்சியம்மாள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"பின்னால என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்மா. இப்பம் எட்ட மாட்டேங்கு, ஆனா இருக்குன்னு தெரியும். அது கிட்ட என்னைய மறுபடி கொண்டு விடாத."

"எனக்கு நயினார் கொரல் போயிட்டு அக்கா."

"எனக்குத் தூக்கம் வந்திருக்கு தாயி."

வடிவு எழுந்து போய்விட்டாள். அடுத்த இரண்டு வாரம் அவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை, சாப்பிடவில்லை, நாலு மணி வரிசையைத் தானே நின்று நடத்தினாள், யார் யாரோ வந்து யார் யாரையோ தொலைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு போனார்கள். அவள் அவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். உன் தம்பியைக் கேட்டு வாங்கிவிட்ட நீ சொல்கிறாயாக்கும் என்று கேட்டார்கள். கட்டடம் மெல்ல அமைதியாகிக்கொண்டு வந்தது. கீழே கடையில் சண்டை இல்லை, மாடியில் வாக்குவாதம் இல்லை, யாரும் யாரையும் பற்றிக் கதை சொல்வதில்லை, இறந்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் ஒரே குரலில் இரண்டு வரி சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தும் டப்பா மூடி திறக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு நாள் அம்மா வடிவைப் பார்த்து, நீயும் நல்லா இருக்க என்று காரணமில்லாமல் சொன்னாள். அது கடிதங்களின் கடைசி வரி.

மூன்றாவது வாரம், புதன்கிழமை, பேச்சியம்மாள் டீத் தூக்கு இல்லாமல் வந்தாள். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. செல்லக்கனி விட்டுவிட்டுப் போனது. தகப்பன் வீட்டில் வளர்கிறது, அவர்கள் அதுவரை காட்டாமல் வைத்திருந்து, அந்த வாரம்தான் மனம் இரங்கி அனுப்பியிருந்தார்கள். குழந்தை வடிவின் மேஜையில் இருந்த ஸ்டேப்ளரைப் பிடுங்கி, தராமல், தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தது.

"இப்படிச் சிரிக்கால்லா" என்றாள் பேச்சியம்மாள். "அவ அம்ம மாதிரியே இருக்குன்னு தெருவே கூடி வந்து பாக்கு. மூக்கப் பாரு, கன்னத்தப் பாருங்காவ. நானும் ரெண்டு நாளா மொகத்தையே பாக்கேன். எனக்கு யாரு மாதிரியும் இல்ல. ஊர்ல ஒரு புள்ள, அவ்வளவுதான் தெரியுது." அவள் குழந்தையின் கன்னத்தை விரலால் தொட்டாள். "எம் மக மூஞ்சி எனக்கு வேணும் வடிவு. தூக்கம் போனாப் போவுது. நீ அதைத் தொடச்சுவிடு."

வடிவு முப்பிடாதியைப் பார்த்தாள். முப்பிடாதி தலையை ஆட்டினாள். காட்வின் எழுந்து போய் வெள்ளைப் பலகையில் கடைசி விதியைக் கையாலேயே அழித்தார். இன்னும் கடிதம் வாங்காத இரண்டு பேர் தங்கள் முறை போய்விட்டதே என்று முணுமுணுத்தார்கள், ஆனால் எழுந்து நிற்கவில்லை. மீரான் என்ன விஷயம் என்று கேட்டுவிட்டு, செய்யுங்க, செய்யுங்க, மெஷின் சுத்தமா இருக்கிறது நல்லதுதானே என்றார்.

வடிவு கட்டளையைத் தட்டினாள். திரையில் நாலு வரி ஓடியது, முடிந்தது என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். மேஜையில் இருந்த கடிதங்கள் வெறும் வெள்ளைத்தாள்களாகக் கிடந்தன, ஒன்றில் டீக்கறை மட்டும் இருந்தது.

முதலில் மீரான்தான். தன் அறையிலிருந்து போனில் அவர் கத்துகிறது எல்லாருக்கும் கேட்டது: நாலு வருஷம், லாத்தா, நாலு வருஷம், ஒரே ஒரு பத்திரிகை, நீ நேர்ல வந்து குடுத்தா உன் கால் தேஞ்சா போயிரும். அந்தப் பக்கத்திலிருந்தும் பதிலுக்குக் கத்துகிறார்கள் என்று தெரிந்தது. ஒரு மாசத்தில் அந்த மாடியில் கேட்ட முதல் சண்டை, காட்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பிடாதி தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்திரம் எழுதுகிற இடத்தில் அவள் அப்பா ஊதா மை விரலைக் காட்டி, பாரு, நான் கையெழுத்துப் போட்டுட்டேன் என்று சிரித்துக்கொண்டே அவள் மூக்கில் தடவியிருக்கிறார். அது வந்துவிட்டது. பேச்சியம்மாள் குழந்தை முகத்தைப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள், பிறகு காது கொடுத்துக் கேட்க முடியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவளை மொட்டை மாடிக்குப் போகச் சொல்லவில்லை.

வடிவு கண்ணை மூடிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்ட் வந்தது. பஸ் நின்றது, ஓட்டுநர் ஏறி உட்கார்ந்துவிட்டார். படியில் நயினார் நின்றான், தோளில் பை, கழுத்தெல்லாம் வியர்வை.

"எக்கா, நான் போகலக்கா. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. வீட்டுக்கே வந்துருதேன்."

அவனுடைய குரலேதான், கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுக்கிற குரல், ஆறு வயதில் காய்ச்சலோடு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுத அதே குரல். அதற்கு அவள் சொன்னதும் வந்தது. ஊர் சிரிக்கும், அம்மா எல்லார்ட்டயும் சொல்லியாச்சு, பேசாம ஏறுல என்று சொல்லி, அவன் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். சட்டை நனைந்திருந்தது. தள்ளின ஈரம் இப்போதும் உள்ளங்கையில் இருந்தது. இதைத்தான் அவள் ஆறு வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள், இதைத் தொலைத்துவிட்டுத்தான் ஒன்றரை மாசம் பைத்தியம்போல் தேடினாள். வலி பொறுக்க முடியவில்லை. ஆனால் அவன் இருந்தான், படியில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், பதிலுக்குக் காத்திருந்தான். ஆறு வருஷமாகத் தினமும் கேட்டும் அவள் ஒரு நாளும் அவனுக்கு வேறு பதில் சொன்னதில்லை.

வடிவு வலது கையை முன்னால் நீட்டினாள். பேச்சியம்மாளும் குழந்தையும் மற்ற எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, சத்தமாகவே சொன்னாள்.

"சரில நயினாரு. எறங்கி வா. வீட்டுக்குப் போவோம்."